மீட்புக்குப் பின் வரும் காகிதங்கள்: கொத்தடிமை முறை ஒழிப்பில் அரசு எதுவரை வந்திருக்கிறது?

பாலாற்றங்கரை (இழையைத் தொடங்கியவர்)

ஆண்டுதோறும் பிப்ரவரி 9 அன்று தமிழ்நாட்டு அரசு அலுவலகங்களில் கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்பு உறுதிமொழி எடுக்கப்படுகிறது. அலுவலர்கள் வரிசையாக நின்று வலக்கையை நீட்டியிருக்கும் படம் மறுநாள் எல்லா நாளிதழ்களின் மாவட்டப் பக்கங்களிலும் வந்துவிடும். 1975 அக்டோபரில் அவசரச் சட்டமாகப் பிறந்து, 1976 பிப்ரவரியில் நாடாளுமன்றச் சட்டமாகி, ஏறத்தாழ அரை நூற்றாண்டைக் கடந்துவிட்ட ஒரு சட்டத்துக்கு இன்னும் உறுதிமொழி தேவைப்படுகிறது என்பதிலேயே ஏதோ இருக்கிறது. அதை இப்போதைக்கு விட்டுவிடுகிறேன்.

இந்த இழையில் நான் பேச விரும்புவது மீட்பைப் பற்றி அன்று. மீட்புக்குப் பிறகு அரசு தர வேண்டிய காகிதங்களைப் பற்றி. 2019 ஜூலையில் காஞ்சிபுரம், வேலூர் மாவட்டங்களில் மரம் வெட்டும் இடங்களிலிருந்து 42 பேர் மீட்கப்பட்டபோது, முதியவர் ஒருவர் அதிகாரியின் காலில் விழுந்து வணங்கிய படம் நாடு முழுவதும் பரவியது பலருக்கும் நினைவிருக்கலாம். அவர்களுள் பெரும்பாலோர் இருளர் பழங்குடியினர். சிறு தொகையை முன்பணமாகப் பெற்றுக்கொண்டு ஆண்டுக்கணக்கில் அங்கேயே இருந்தவர்கள். அந்தப் படத்தைப் பகிர்ந்தவர்கள் எத்தனை பேர், அதற்கு அடுத்த ஆண்டில் அக்குடும்பங்கள் எங்கே இருந்தன என்று விசாரித்தவர்கள் எத்தனை பேர் என்பதுதான் என் கேள்வி.

ஆள்கடத்தல் என்றவுடன் பாலியல் தொழிலுக்காகப் பெண்களைக் கொண்டுசெல்வதோ, வெளிநாட்டு வேலை மோசடியோதான் நம் மனத்தில் தோன்றுகிறது. அரசமைப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவோ மனித வணிகத்தையும் கட்டாய உழைப்பையும் ஒரே மூச்சில் தடை செய்கிறது. 2013ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 370ஆம் பிரிவும், 2024 ஜூலை முதல் அதன் இடத்தைப் பிடித்துள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 143ஆம் பிரிவும், அச்சுறுத்தியோ ஏமாற்றியோ பணம் கொடுத்து இணங்கவைத்தோ ஒருவரைச் சுரண்டலுக்காக ஆள்சேர்ப்பதும் அழைத்துச் செல்வதும் தங்கவைப்பதும் ஆள்கடத்தலே என்கின்றன. மேஸ்திரி முன்பணம் கொடுத்துக் குடும்பத்தோடு லாரியில் ஏற்றிச் சூளையில் இறக்கிவிடுவதும், சீசன் முடிந்தபின் கணக்கு இன்னும் தீரவில்லை என்று முதலாளி நிறுத்திவைப்பதும் இந்த வரையறைக்குள் வராமல் வேறு எதற்குள் வரும்?

நாட்டில் 1 கோடியே 84 லட்சம் கொத்தடிமைத் தொழிலாளர்களை 2030க்குள் விடுவித்து மறுவாழ்வளிப்பது இலக்கு என்று 2016இல் மத்திய தொழிலாளர் அமைச்சகம் அறிவித்தது. 1978இல் மறுவாழ்வுத் திட்டம் தொடங்கிய நாள்முதல் இதுவரை மறுவாழ்வு பெற்றோரின் மொத்த எண்ணிக்கையே மூன்று லட்சத்தைச் சுற்றித்தான் நிற்கிறது. ஆகவே இலக்கைப் பற்றிப் பேசிப் பயனில்லை. அரசின் முயற்சியை அளக்க வேண்டுமானால், எத்தனை பேர் மீட்கப்பட்டார்கள் என்பதை விட்டுவிட்டு, எத்தனை பேர் கையில் விடுவிப்புச் சான்றிதழ் சேர்ந்தது, எத்தனை வழக்குகளில் தீர்ப்பு வந்தது, எத்தனை குடும்பங்களுக்கு இறுதித் தொகை கிடைத்தது என்ற மூன்றையும் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. களத்தில் பணியாற்றியவர்கள் எழுதினால் நன்று.

தேன்மொழி

ஓர் அடிப்படைச் சந்தேகம். காவல்துறையினர் சென்று மீட்டு, முதல் தகவல் அறிக்கையும் பதிவு செய்துவிட்டால், அந்தத் தொழிலாளி விடுதலை பெற்றவர்தானே? அதன் பிறகு தனியாக ஒரு சான்றிதழ் எதற்கு? அது இல்லாவிட்டால் சட்டப்படி அவர் என்ன இழக்கிறார்? யாரேனும் விளக்கினால் என்னைப் போன்றவர்களுக்கு இழையைத் தொடர்வது எளிதாக இருக்கும்.

ஓய்வுபெற்ற வருவாய்த்துறையாளர்

தேன்மொழி அம்மாவின் கேள்வி அடிப்படையானதுதான். பணியில் சேர்ந்த புதிதில் பல வட்டாட்சியர்களுக்கே இதற்கு விடை தெரிந்திருக்காது.

முதல் தகவல் அறிக்கை குற்றம் செய்தவரைப் பற்றியது. விடுவிப்புச் சான்றிதழ் பாதிக்கப்பட்டவரைப் பற்றியது. 1976ஆம் ஆண்டுச் சட்டம் நடைமுறைக்கு வந்த நாளிலேயே எல்லாக் கொத்தடிமைக் கடன்களும் ஒழிந்துவிட்டன. அந்தக் கடனைத் திரும்பப் பெறுவதே 9ஆம் பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். ஆனால் இன்ன குடும்பத்தின் இன்ன முன்பணம் அத்தகைய கடன்தான் என்று அரசின் முத்திரையோடு சொல்லும் ஆவணம் அந்தச் சான்றிதழ் ஒன்றுதான். அதை வழங்குபவர் மாவட்ட ஆட்சியர் அல்லது கோட்டத்தின் சார் ஆட்சியர் அல்லது வருவாய்க் கோட்டாட்சியர். சான்றிதழ் இல்லையென்றால், சூளை முதலாளியின் ஆள் நாளை ஊருக்கே வந்து வீட்டு வாசலில் நின்று பணத்தைக் கேட்கும்போது, அந்தக் குடும்பத்திடம் எடுத்துக் காட்ட ஒன்றும் இருக்காது. மறுவாழ்வுத் தொகைக்கான கோப்பு திறக்கப்படுவதும் இந்தச் சான்றிதழின் அடிப்படையில்தான்.

தொகைகளையும் சொல்லிவிடுகிறேன். 2016 மேயில் நடைமுறைக்கு வந்த மத்தியத் திட்டத்தின்படி, ஆண் தொழிலாளிக்கு 1 லட்சம் ரூபாய். பெண்கள், குழந்தைகள் முதலிய சிறப்புப் பிரிவினருக்கு 2 லட்சம். பாலியல் சுரண்டல் போன்ற மிகக் கொடிய நிலையிலிருந்து மீட்கப்பட்டவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் திருநர்களுக்கும் 3 லட்சம். அதற்கு முன்பு எல்லாருக்கும் 20,000 ரூபாய்தான் இருந்தது. மீட்டவுடன் கையில் தரும் உடனடி உதவி 20,000 வரை என்று இருந்ததை 2022இல் 30,000 வரை என்று உயர்த்தினார்கள். இந்தப் பணத்துக்கு மாநில அரசு தன் பங்காக எதையும் போட வேண்டியதில்லை; முழுவதையும் மத்திய அரசு திருப்பித் தருகிறது. உடனடி உதவிக்குத் தாமதம் ஆகக் கூடாது என்பதற்காக ஆட்சியரிடம் குறைந்தது 10 லட்சம் ரூபாய் கொண்ட நிரந்தர நிதி ஒன்று இருக்க வேண்டும் என்றும் திட்டம் சொல்கிறது. ஆகவே பணம் இல்லை என்ற காரணத்தை எவரும் சொல்ல முடியாது.

பிறகு ஏன் தாமதம் என்றால், அது பெரும்பாலும் விசாரணை நடக்கும் முதல் மணி நேரத்திலேயே தொடங்கிவிடுகிறது. நான் பணியாற்றிய காலத்தில் கண்ட ஒரு விசாரணையைச் சொல்கிறேன். அரிசி ஆலையின் நெற்களத்தில் பத்துப் பதினைந்து பேரை உட்காரவைத்து, ஆலை மேலாளர் பத்தடி தூரத்தில் நிற்க, இளநிலை அலுவலர் ஒருவர் உரத்த குரலில் “உங்களுக்கு இங்கே ஏதாவது பிரச்னை இருக்கிறதா?” என்று கேட்டார். எல்லாரும் இல்லையென்று தலையாட்டினார்கள். வாக்குமூலத்தில் அப்படியே பதிவாயிற்று. அன்று மாலை அவர்களுள் ஒரு பெண்ணைத் தனியே அலுவலகத்தில் உட்காரவைத்து, “கடைசியாக ஊருக்கு எப்போது போனீர்கள், போகும்போது பிள்ளைகளை உடன் அழைத்துப் போனீர்களா?” என்று கேட்டபோதுதான், ஒரு துக்க வீட்டுக்குப் போவதற்குக்கூடப் பிள்ளைகளை ஆலையிலேயே விட்டுவிட்டுப் போக வேண்டியிருந்தது தெரிய வந்தது. சட்டம் கேட்பது இத்தகைய விவரத்தைத்தான். பூட்டு இருந்ததா, அடித்தார்களா என்று சட்டம் கேட்கவில்லை. முன்பணத்தின் பேரில் ஒருவர் விரும்பிய இடத்துக்குச் செல்லும் உரிமையையோ, வேறு வேலைக்குப் போகும் உரிமையையோ, உரிய கூலியையோ, தன் உழைப்பைச் சந்தை விலைக்கு விற்கும் உரிமையையோ இழந்திருந்தால், இவற்றுள் ஏதேனும் ஒன்றே போதும். சங்கிலி தேடிப் போகும் அலுவலருக்குச் சங்கிலி கிடைக்காது. “கொத்தடிமை எவரும் இல்லை” என்ற அறிக்கையோடு அவர் திரும்பிவிடுவார்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். தன் கோட்டத்தில் கொத்தடிமைகள் கண்டறியப்பட்டார்கள் என்பதைத் தனக்கு நேர்ந்த இழுக்காகக் கருதும் அலுவலர்கள் உண்டு. கண்டறிவதைப் பணிச் சாதனையாகக் கருதும் மனநிலை மேலிடத்திலிருந்து வராதவரை கீழே உள்ளவர்கள் எண்ணிக்கையைச் சுழியத்துக்கு அருகிலேயே வைத்திருப்பார்கள்.

செம்மண்காடு

என் தந்தையார் சூளை வைத்திருக்கிறார். இந்த இழையில் எதிர்த்தரப்பும் பேச வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன், கோபப்படாமல் படியுங்கள்.

செங்கல் அறுக்கும் தொழிலில் முன்பணம் இல்லாமல் ஆள் வருவதில்லை. மழை முடிந்து சூளை தொடங்குவதற்குப் பல மாதங்கள் முன்னரே, ஆடியிலும் ஆவணியிலும், தொழிலாளர்களே மேஸ்திரியைத் தேடி வந்து பணம் கேட்கிறார்கள். திருமணம், மருத்துவச் செலவு, பழைய கடன் எனக் காரணங்கள் பல. எந்த வங்கியும் அவர்களுக்குக் கொடுப்பதில்லை. நாங்கள் கொடுக்கிறோம். ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கூலி பேசுகிறோம். வாரந்தோறும் செலவுக்குப் பணம் தருகிறோம். சீசன் முடிவில் கணக்குப் பார்த்து மீதியைக் கொடுக்கிறோம் அல்லது பற்று வைத்துக்கொள்கிறோம். இருபது குடும்பங்களுக்குக் கொடுத்த பணத்தோடு மேஸ்திரி காணாமல் போன ஆண்டும் உண்டு; பாதி சீசனில் இரவோடு இரவாகப் போய்விட்ட குடும்பங்களும் உண்டு. அந்த இழப்புக்கு எங்களுக்கு எந்தச் சட்டமும் இல்லை. இப்படியிருக்க, முன்பணம் கொடுத்தவர் எல்லாரும் ஆள்கடத்தல்காரர் என்றால், இத்தொழிலையே மூட வேண்டியதுதான். கொடுமைப்படுத்துபவர்கள் இருக்கிறார்கள், அவர்களைத் தண்டியுங்கள். மற்றவர்களையும் அதே கூண்டில் ஏற்றுவது நியாயமா?

கயல்விழி, வழக்குரைஞர்

செம்மண்காடு அவர்கள் நேரடியாக எழுதியதற்கு நன்றி. முன்பணம் கொடுப்பது மட்டுமே குற்றம் என்று இங்கே எவரும் சொல்லவில்லை. கேள்வி, அந்தப் பணத்துக்கு ஈடாக நீங்கள் எதைப் பிடித்துவைத்திருக்கிறீர்கள் என்பது. பாதி சீசனில் ஒரு குடும்பம் போய்விட விரும்பினால், “மீதிப் பணத்தைப் பிறகு தவணையில் கொடு” என்று சொல்லி அனுப்புவீர்கள் என்றால் அது கடன். “கணக்கைத் தீர்த்துவிட்டுப் போ” என்று நிறுத்தினால் அது கொத்தடிமை முறை. “இரவோடு இரவாகப் போய்விட்டார்கள்” என்று எழுதியிருக்கிறீர்கள்; பகலில் சொல்லிவிட்டுப் போக முடிகிற இடத்திலிருந்து எவரும் சட்டி பானையை விட்டுவிட்டு இரவில் போவதில்லை என்பதைச் சற்று எண்ணிப் பாருங்கள்.

கூலியைப் பற்றியும் ஒரு சொல். கணவன், மனைவி, வளர்ந்த பிள்ளை என மூவர் சேர்ந்து அறுத்த கல்லுக்கு ஒரே பெயரில் கணக்கு எழுதுவது சூளைகளில் வழக்கம். அந்தத் தொகையை மூன்றால் வகுத்தால் குறைந்தபட்சக் கூலி வருகிறதா? ஆசிய விளையாட்டுப் போட்டிக்கான கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் 1982இல் உச்ச நீதிமன்றம், குறைந்தபட்சக் கூலிக்கும் குறைவாகக் கொடுத்து வாங்கும் உழைப்பு 23ஆம் பிரிவு தடை செய்யும் கட்டாய உழைப்பே என்று தீர்ப்பளித்தது. பசியும் வறுமையும் கூட ஒருவரைக் கட்டாயப்படுத்தும் சக்திகளே என்றது. கொத்தடிமை விடுதலைக்கான அமைப்பான பந்துவா முக்தி மோர்ச்சா தொடுத்த வழக்கில் 1983 டிசம்பரில் வந்த தீர்ப்பு இன்னும் ஒரு படி மேலே போனது: கட்டாய உழைப்பு என்று தெரிந்தால், அது முன்பணத்துக்காகவே வாங்கப்படுகிறது என்று அனுமானிக்க வேண்டும், அப்படி அன்று என்று காட்டும் பொறுப்பு முதலாளியுடையது. கடன் கொத்தடிமைக் கடன் அன்று என்று மெய்ப்பிக்கும் சுமையைச் சட்டத்தின் 15ஆம் பிரிவும் கடன் கொடுத்தவர் மீதே வைத்திருக்கிறது. கைநாட்டு வைத்த ஒரு நோட்டுப் புத்தகத்தைத் தவிர வேறு சான்று இல்லாத தொழிலில் இதை ஒதுக்கிவிட்டுப் பேச முடியாது.

இனி பாலாற்றங்கரை எழுப்பிய தீர்ப்புப் பிரச்சினைக்கு வருகிறேன். நீதிமன்றத்தில் தினமும் காண்பதால், இதில் நான் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது.

1976ஆம் ஆண்டுச் சட்டத்தின் 21ஆம் பிரிவு, நீதித்துறை நடுவரின் அதிகாரத்தை நிர்வாக நடுவருக்கு, அதாவது சார் ஆட்சியர் போன்ற வருவாய் அலுவலருக்கு, மாநில அரசு வழங்கலாம் என்றும், இக்குற்றங்களைச் சுருக்க விசாரணையில் முடிக்கலாம் என்றும் கூறுகிறது. விரைவாகத் தீர்ப்பு வர வேண்டும் என்பதே நோக்கம். ஆனால் சுருக்க விசாரணையில் மூன்று மாதத்துக்கு மேல் சிறைத் தண்டனை விதிக்க இயலாது என்பது குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலும் 2024 ஜூலை முதல் அதன் இடத்தைப் பிடித்துள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவிலும் உள்ள பொது விதி; முழு விசாரணை நடந்தாலும் இச்சட்டத்தின் உச்சத் தண்டனை மூன்று ஆண்டும் 2,000 ரூபாய் அபராதமும்தான். 1976இல் 2,000 ரூபாய்க்கு ஒரு கனம் இருந்தது. இன்று ஒரு நடைக் கல் லாரியில் ஏற்றினால் அதைவிடக் கூடுதலாகக் கிடைக்கும்.

ஆகவே ஆள்கடத்தல் பிரிவைச் சேர்க்க வேண்டும் என்று நாங்கள் வாதாடுகிறோம். அதில் குறைந்தது ஏழு ஆண்டு. பாதிக்கப்பட்டவர் ஒருவருக்கு மேற்பட்டால் குறைந்தது பத்து ஆண்டு, ஆயுள் வரை போகலாம். தொழிலாளி சம்மதித்துத்தான் வந்தார் என்ற வாதம் அங்கே எடுபடாது; சம்மதம் பொருட்டல்ல என்று பிரிவே சொல்லிவிடுகிறது. பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினராகவோ பழங்குடியினராகவோ இருந்தால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பிரிவும் சேர்கிறது. கொத்தடிமையாக வேலை வாங்குவது தொடக்கம் முதலே அச்சட்டத்தில் வெளிப்படையாகவே குற்றமாக எழுதப்பட்டிருக்கிறது.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. கடுமையான பிரிவுகள் சேரச் சேர, வழக்கு சார் ஆட்சியரின் மேசையை விட்டு அமர்வு நீதிமன்றத்துக்கோ சிறப்பு நீதிமன்றத்துக்கோ போகிறது. அங்கே ஆண்டுகள் ஓடுகின்றன. மறுவாழ்வுத் திட்டமோ இறுதித் தொகையைக் குற்றத் தீர்ப்போடு முடிச்சுப் போட்டிருக்கிறது. விசாரணை முடியாவிட்டாலும் மாவட்ட நிர்வாகம் முதல்நோக்கில் கொத்தடிமை நிலையை உறுதி செய்துவிட்டால் தொகைக்கான முன்மொழிவை நிறுத்திவைக்கக் கூடாது என்று திட்டத்தில் ஒரு வரி உண்டு. ஆனால் பணத்தை இறுதியாகக் கையில் கொடுப்பது நீதிமன்ற நடைமுறையைப் பொறுத்தது என்று அடுத்த வரியே சொல்வதால், கோப்பைக் கையில் வைத்திருக்கும் எழுத்தர் இரண்டாவது வரியைத்தான் படிக்கிறார். முதலாளிக்கு மூன்று மாதத் தண்டனை போதும் என்று ஒப்புக்கொண்டால் தொழிலாளிக்கு விரைவில் பணம். பத்தாண்டுத் தண்டனை கேட்டுப் போராடினால் அதுவரை அவர் வெறுங்கையோடு நிற்க வேண்டும். எந்தக் கட்சிக்காரரையும் இத்தகைய தேர்வுக்கு முன் நிறுத்தக் கூடாது, நாங்களோ நிறுத்திக்கொண்டிருக்கிறோம்.

வன்கொடுமைச் சட்டத்தின் கீழான நிவாரணம் முதல் தகவல் அறிக்கை, குற்றப்பத்திரிகை, தீர்ப்பு என்று கட்டம் கட்டமாக வழங்கப்படுகிறது. அதே முறையைக் கொத்தடிமை மறுவாழ்வுக்கும் கொண்டுவந்தால் இந்தச் சிக்கலின் பெரும்பகுதி தீரும். இதற்கு நாடாளுமன்றச் சட்டம் தேவையில்லை. திட்ட விதிகளைத் திருத்தினால் போதும்.

கடல்தாண்டி

மியன்மாரின் மியாவாடிப் பகுதியிலும் கம்போடியாவிலும் இணைய மோசடிக் கூடங்களில் சிக்கித் திரும்பிய தமிழ் இளைஞர்களையும் இங்கே பேச வேண்டாமா? 2022இல் மியன்மாரிலிருந்து வந்தவர்களைச் சென்னை விமான நிலையத்தில் அமைச்சரே வரவேற்றார். அவர்களும் முகவரை நம்பிப் போய், வெளியேற வேண்டுமானால் பணம் கட்டு என்று மிரட்டப்பட்டவர்கள்தாமே?

பாலாற்றங்கரை

பேசலாம், ஆனால் தனி இழையில். அங்கே 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டம், பதிவு பெறாத முகவர்கள், தூதரகம் என்று பிரச்சினையின் உறுப்புகளே வேறு. ஒரே ஓர் ஒப்பீட்டை மட்டும் குறித்துவைக்கிறேன். மொழி தெரிந்த, கைப்பேசி வைத்திருக்கும், பட்டம் பெற்ற ஓர் இளைஞர் தன் இடத்திலிருந்து ஒரு காணொளியை அனுப்ப முடிகிறது. செங்குன்றத்து அரிசி ஆலையில் இருக்கும் இருளர் பெண்ணால் அது முடிவதில்லை. வரவேற்பில் தெரியும் வேறுபாட்டுக்கு அதுவும் ஒரு காரணம்.

அல்லிக்குளம்

இருளர் குடியிருப்புகளில் பணியாற்றுகிறேன். கயல்விழி அவர்கள் எழுதியதில் நடைமுறையில் விடுபடும் ஒரு கண்ணியைச் சேர்க்க விரும்புகிறேன்.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தைச் சேர்க்க வேண்டுமானால், பாதிக்கப்பட்டவர் பழங்குடியினர் என்பதற்குச் சாதிச் சான்று வேண்டும். தமிழ்நாட்டில் பழங்குடியினர் சாதிச் சான்றை வழங்குபவர் வட்டாட்சியர் அல்லர். கோட்டாட்சியர் அல்லது சார் ஆட்சியர். விடுவிப்புச் சான்றை வழங்குபவரும் அவரே. அப்படியானால் இரண்டும் ஒரே நாளில் கிடைத்துவிடும் என்றுதான் எவரும் நினைப்பார்கள். நடப்பது அதுவன்று. விடுவிப்புச் சான்று கிடைத்த குடும்பத்திடம், சாதிச் சான்றுக்குப் பெற்றோரின் சான்றைக் கொண்டுவா, பள்ளி மாற்றுச் சான்றிதழைக் கொண்டுவா என்று அதே அலுவலகத்தில் கேட்கிறார்கள். பதினைந்து ஆண்டுகள் ஆலைக் களத்துக்குள் பிள்ளை பெற்று வளர்த்தவர்களிடம் பள்ளிச் சான்றிதழ் எங்கிருந்து வரும்? ஏன் இல்லை என்பதற்கான விடை அதே அலுவலகம் வழங்கிய விடுவிப்புச் சான்றிலேயே இருக்கிறது. அதை எவரும் புரட்டிப் பார்ப்பதில்லை.

ஒரு குடும்பத்தின் விடுவிப்புச் சான்றைப் பற்றிச் சொல்கிறேன். மீட்கப்பட்ட இரவு, அரசுப் பள்ளிக் கட்டடம் ஒன்றில் அவர்களைத் தங்கவைத்து, விடிவதற்குள் சான்றிதழ்களைத் தட்டச்சு செய்து கொடுத்தார்கள். அந்த வேகத்தைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் கணவர் பெயரில் மட்டும் சான்று. மனைவியின் பெயர் “குடும்ப உறுப்பினர்” என்ற வரிசையில். அவரும் அதே களத்தில் அதே நெல்லை அவித்து, காயவைத்து, அள்ளியவர். தனிச் சான்று இருந்திருந்தால் பெண் என்ற முறையில் 2 லட்சத்துக்கு உரியவர். ஒரு வரியில் அவர் தொழிலாளியாக இல்லாமல் போனார். திருத்தம் கேட்டு மனு கொடுத்தோம். அதற்குள் அந்தச் சார் ஆட்சியர் மாறுதலாகிவிட்டார். புதிதாக வந்தவர், தான் நடத்தாத விசாரணையின் சான்றைத் தான் எப்படித் திருத்துவது என்று கேட்டார். அவர் கேட்டதிலும் சட்டப்படி ஒரு நியாயம் இருந்ததால்தான் எங்களுக்கு அது இன்னும் கடினமாயிற்று.

அந்தப் பெயரும் முகவரியும் சரியாக இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு வெளிமாநிலத் தொழிலாளர்களே சான்று. 2011இல் திருவள்ளூர் மாவட்டச் செங்கல் சூளையிலிருந்து ஒடிசாவைச் சேர்ந்த ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் மீட்கப்பட்டார்கள். பலாங்கீர், நுவாபடா போன்ற மேற்கு ஒடிசா மாவட்டங்களிலிருந்து சர்தார் எனப்படும் முகவர்கள் முன்பணம் கொடுத்து அழைத்துவருவது நெடுநாள் வழக்கம். விடுவிப்பது தமிழ்நாட்டு ஆட்சியர். மறுவாழ்வளிப்பது அவர்களின் சொந்த மாவட்ட ஆட்சியர். குற்ற வழக்கு நடப்பது இங்கே. சாட்சிகள் இருப்பது ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால். சான்றிதழில் ஊர்ப் பெயரைத் தமிழ் ஒலிப்பில் தவறாக எழுதிவிட்டால், அங்குள்ள வட்டார அலுவலகத்தில் அந்தப் பெயரில் ஊரே இல்லை என்று திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். 1984இல் நீரஜா சவுத்ரி வழக்கில் உச்ச நீதிமன்றம், ஹரியானாவின் ஃபரிதாபாத் கல்குவாரிகளிலிருந்து விடுவிக்கப்பட்டு மத்தியப் பிரதேசம் திரும்பியவர்கள் மறுவாழ்வின்றிக் கிடந்ததைக் கண்டுதான், விடுவித்தால் மட்டும் போதாது என்று அழுத்திச் சொன்னது. அங்கும் விடுவித்தது ஒரு மாநிலம், மறுவாழ்வளிக்க வேண்டியது வேறொரு மாநிலம்.

செம்மண்காடு அவர்களுக்கு ஒன்று: வங்கி கொடுப்பதில்லை என்று நீங்கள் எழுதியது முழு உண்மை. மீட்கப்பட்ட குடும்பங்களுள் சில மீண்டும் முன்பணம் வாங்குவது, உடனடி உதவித் தொகை தீர்ந்து இறுதித் தொகை வராத அந்த இடைவெளியில்தான். உங்கள் மேஸ்திரி அந்த நேரம் பார்த்துத்தான் வருகிறார்.

செம்மண்காடு

கயல்விழி அவர்கள் சொன்ன இரவு–பகல் வேறுபாட்டை என் தந்தையாரிடமும் சொன்னேன், அவர் ஒப்புக்கொள்ளவில்லை. நான் பாதியை ஒப்புக்கொள்கிறேன். குடும்பத்துக்கு ஒரே கணக்கு எழுதுவதை மாற்றி ஆளுக்கொரு கணக்கு எழுதுவது எங்களால் முடிகிற காரியம்தான். ஆனால் பக்கத்துச் சூளைக்காரர் செய்யாமல் நாங்கள் மட்டும் செய்தால் கல் விலை கட்டாது. ஆய்வாளர்கள் எல்லாச் சூளைக்கும் ஒரே மாதிரி வருவார்கள் என்ற உறுதி இருந்தால் மாறத் தயங்க மாட்டோம். இப்போது வருபவர்கள் புகார் வந்த சூளைக்கு மட்டும்தான் வருகிறார்கள்.

தேன்மொழி

இவ்வளவு படித்தபின் எங்கள் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் மனு எழுதலாம் என்று நினைக்கிறேன். என்ன கேட்க வேண்டும், எப்படிக் கேட்டால் “தகவல் இல்லை” என்று திருப்பி அனுப்ப மாட்டார்கள் என்று வருவாய்த்துறை ஐயா சொல்ல முடியுமா?

ஓய்வுபெற்ற வருவாய்த்துறையாளர்

ஆட்சியர் அலுவலகத்துக்கு மட்டும் எழுதினால், தொகுப்பாகப் பராமரிக்கப்படவில்லை என்றுதான் விடை வரும். சான்றிதழ்ப் பதிவேடு கோட்ட அலுவலகத்தில் இருக்கும். ஆகவே ஒவ்வொரு கோட்டாட்சியர் அல்லது சார் ஆட்சியர் அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கும் தனித்தனி மனு எழுதுங்கள். “ஏன் தாமதம்” என்று காரணம் கேட்காதீர்கள். பதிவேட்டின் நகலைக் கேளுங்கள். கடந்த ஐந்து நிதியாண்டுகளில் வழங்கிய விடுவிப்புச் சான்றுகள் எத்தனை, அவற்றுள் பெண்கள் பெயரில் எத்தனை, உடனடி உதவி வழங்கிய நாள், இறுதித் தொகைக்கு முன்மொழிவு அனுப்பிய நாள், 21ஆம் பிரிவின்கீழ்ச் சுருக்க விசாரணைக்கு எடுத்தவை, முடித்தவை என்ற அளவில் போதும். தொழிலாளர்களின் பெயரையும் முகவரியையும் மறைத்துத் தரும்படி நீங்களே மனுவில் எழுதிவிடுங்கள். இல்லையென்றால் தனிநபர் தகவல் என்ற காரணத்தைக் காட்டி முழுவதையும் மறுப்பார்கள்.

ஆட்சியர் அலுவலகத்துக்கு எழுத வேண்டியவை இரண்டு. ஒன்று, 10 லட்சம் ரூபாய் நிரந்தர நிதியின் கணக்கு. மற்றொன்று, 13ஆம் பிரிவின்படி அமைய வேண்டிய கண்காணிப்புக் குழுவின் கூட்ட நடவடிக்கைக் குறிப்புகள். அக்குழுவில் மாவட்டத்தில் வசிக்கும் பட்டியல் சாதி அல்லது பழங்குடியைச் சேர்ந்த மூவர் இருக்க வேண்டும் என்பது சட்டம். உறுப்பினர் பட்டியலோடு ஒவ்வொரு கூட்டத்தின் வருகைப் பதிவையும் சேர்த்துக் கேளுங்கள், அம்மா. பட்டியல் மட்டும் கேட்டால் பத்தாண்டுக்கு முன் நியமித்தவர்களின் பெயர்களை அழகாகத் தட்டச்சு செய்து அனுப்பிவிடுவார்கள்.